நீலக் கோடு

எங்கள் ஊரின் பெயருக்குப் பொருள் படகு.
தண்ணீர்தான் இல்லை.
நெசவாலைகள் வந்த காலத்தில்
ஆறுகளைக் குழாய்களில் அடைத்துத்
தரைக்கடியில் அனுப்பிவிட்டார்கள்.
வூச் நகரில் பதினெட்டு வருடமாக டிராம் ஓட்டுகிறேன்.
ஒரு நாளும் ஓர் ஆற்றைக் கடந்ததில்லை,
அல்லது தினமும் கடந்திருக்கிறேன்.

மார்ச்சில் குடிநீர் வாரியம் சுவரொட்டி ஒட்டியது,
நிறுத்தத்துக்கு ஒன்று.
வெள்ளைத் தாள். அதில் ஒரு நீலக் கோடு.
கீழ் ஓரத்தில் எறும்பளவு எழுத்து.
அவ்வளவுதான்.
"இதுக்கா நம்ம வரிப்பணம்?" என்றார்
முன்கதவருகே நின்ற தொப்பிக்காரர்.
முதல் நாள் நானும் அவர் கட்சி.

மறுநாள்
பேக்கரி நிறுத்தத்தில் தாளின் வலது விளிம்பை
எந்த உயரத்தில் கோடு தாண்டியதோ
அதே உயரத்தில்
மருத்துவமனை நிறுத்தத்தில் உள்ளே நுழைந்தது.
பள்ளிக்கூடத்தருகே கொஞ்சம் தயங்கியது.
சந்தையடியில் இரண்டாகப் பிரிந்து,
ஏதோ ஒன்றைச் சுற்றிக்கொண்டு,
திரும்பவும் கூடியது.
ஏழு நிறுத்தம், ஏழு தாள், ஒரே ஆறு.

நின்று காத்திருப்பவருக்கு ஒரு துண்டு.
ஏறி உட்கார்ந்தவருக்குக் கைபேசி.
முழுவதும் பார்க்க வாய்த்தது
முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற
எனக்கு மட்டும்.
(திரும்பும் தடத்தில் ஒன்றும் ஒட்டவில்லை.
காசு போதவில்லை போலும்.)

அந்த நீலம் கடலுமில்லை, வானமுமில்லை.
பள்ளி நாளில் மைப்புட்டி கவிழ்ந்து
கை கழுவிய பிறகும்
விரலிடுக்கில் தங்குமே, அது.
தூரிகை வறண்டு போன இடங்களை
மறைக்காமல் விட்டிருந்தார்கள்.
எனக்குப் படம் வரையத் தெரியாது.
ஆனால் வளைவுக்கு முன்பே
வேகம் குறைக்கத் தெரிந்த கை அது.
அதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

எறும்பு எழுத்தைப் படிக்க
ஓய்வு நாளில் இறங்கி நடந்து போனேன்.
வடிவமைப்பு: நவோய்கா பெடெக்.
பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.
பக்கத்தில் நின்ற நாய் திரும்பியது.

ஏப்ரல் மழையில் இரண்டு தாள் உரிந்தன.
புதிதாக ஒட்டியவன் ஐந்தாவதையும் ஆறாவதையும்
இடம் மாற்றிவிட்டான்.
ஆறு அறுந்து கிடந்தது.
கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன்.
மிரோஸ்வாஃப் எடுத்தான்.
"தடத்தில் கோளாறா, ஹலினா?"
"கோட்டில் கோளாறு."
"மின்கோட்டிலா?"
"நீலக் கோட்டில். சந்தையடியில் வந்து சேரவே இல்லை."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"காலையில் ஏதாவது சாப்பிட்டாயா?" என்றான்.

மூன்றாம் நாள் சரியாகியிருந்தது.
யார் சொன்னார்கள், யார் செய்தார்கள்,
இன்றுவரை தெரியாது.

அன்று மாலை, பேக்கரியில்,
நீளக் குழாயொன்றை அக்குளில் இடுக்கியபடி
ஒரு பெண் ஏறினாள்.
இடமிருந்தும் உட்காரவில்லை.
என் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்று
ஒரு கண்ணை மூடி
கட்டைவிரலை முன்னால் நீட்டினாள்,
உயரம் பார்ப்பவள்போல.
மருத்துவமனை. விரல் அசையவில்லை.
பள்ளிக்கூடம்.

நான் எதுவும் கேட்கவில்லை.
ஓட்டுநரோடு பேசாதீர் என்று
எங்கள் இருவருக்கும் நடுவே எழுதியிருந்தது,
அசிங்கமான எழுத்துருவில்.
அதைப் பார்த்து அவள் முகம் சுளித்ததை
மேல்கண்ணாடியில் பார்த்தேன்.
வேகத்தை மட்டும்
இருபதிலிருந்து பன்னிரண்டுக்கு இறக்கினேன்.
பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

ஏழாவது தாளில் கோடு முடிகிற இடத்தில்
நகத்தளவு ஒரு படகு,
ஆளில்லாமல்.
விதிப்படி அங்கே மணியடிக்கக் காரணமில்லை.
அடித்தேன்.